ஒப்பந்தம் எழுதாத பேஸ்மென்ட் வீடு: போகச் சொன்னால் போய்விட வேண்டுமா?

ஸ்காபரோவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரத்தை, அவரை இன்னாரென்று காட்டக்கூடிய விவரங்களை மாற்றியும் நீக்கியும் கீழே தருகிறேன்.

இவரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் கடந்த ஆண்டு இலங்கையிலிருந்து வந்து அகதிக் கோரிக்கை பதிந்திருக்கிறார்கள்; விசாரணைக்கு இன்னும் திகதி கிடைக்கவில்லை. கணவரின் தாய்வழித் தூரத்து உறவினரும் ஊரவருமான ஒருவரின் வீட்டு பேஸ்மென்டில் கடந்த செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து மாதம் 1,900 டொலர் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். பக்கவாசல், சமையலறை, குளியலறை எல்லாம் தனி. மேல்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம். குடிபுகும்போது முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை ஆகியவற்றுடன் "ஏதும் உடைந்தால் திருத்த" என்று மேலும் 1,000 டொலர் வாங்கப்பட்டது. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. வாடகை காசாகத்தான் கொடுக்கப்படுகிறது, பற்றுச்சீட்டு இல்லை.

பனிக்காலம் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி மேல்தளத்தில் இருப்பதால், பகலில் எல்லோரும் வேலைக்குப் போனதும் குறைத்துவிடுகிறார்கள். கீழே பிள்ளைகள் குளிர்ச்சட்டையுடன் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் உட்படிக்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு சொல்லாமல் வருகிறார். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம் தங்கியிருக்கும் கணவரின் தாயாருக்காக மாதம் 200 டொலர் மேலதிகமாகக் கேட்கிறார். இதனால் வெகுண்ட கணவர், "வெப்பம் பாதி என்றால் வாடகையும் பாதி" என்று பெப்ரவரி வாடகையில் 1,000 டொலர் மட்டுமே கொடுத்தார். மறுநாள் வீட்டுக்காரரிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி வந்தது: "மார்ச்சிலயிருந்து 2,200 தாறதெண்டால் இருங்கோ. இல்லாட்டி மார்ச் முடிய வீட்டை விடுங்கோ. மகளுக்குக் கலியாணம், அவை வந்து இருக்கப்போகினம்."

சகோதரி கேட்பவை இவை. எழுத்தில் எதுவும் இல்லாத எங்களுக்கு உரிமை ஏதும் உண்டா? அந்த பேஸ்மென்டுக்கு நகரசபை அனுமதி இல்லையென்று சொல்கிறார்கள். அப்படியானால் எங்கள் பக்கம் நிற்க எவரும் இல்லையா? முறைப்பாடு செய்தால் எங்கள் அகதிக் கோரிக்கை பாதிக்கப்படுமா? உட்கதவுக்கு நாங்களே ஒரு பூட்டுப் போடலாமா? ஒரு வருடத்துக்கு வாடகையை 2.5 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது என்று வேலையிடத்தில் ஒருவர் சொன்னது சரியா? கடைசியாக, "அவர் எங்களுக்கு மாமா முறை. வழக்கென்று போனால் ஊர் முழுக்கப் பேசும். பிரச்சினை இல்லாமல் முடிக்க வழி இருக்கிறதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

மார்ச் 31ஆம் திகதி நீங்கள் வீட்டைவிட்டுப் போகவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குரல்செய்தியில் சொல்வது சட்டப்படியான அறிவித்தல் ஆகாது. ஆனால் உங்கள் கடிதத்தில் வீட்டுக்காரர் செய்தவையாக நீங்கள் அடுக்கியிருக்கும் தவறுகளைவிட என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்துவது, உங்கள் கணவர் நிறுத்திவைத்த 900 டொலர்தான். இந்த விவகாரத்தில் உங்களை வீட்டிலிருந்து வெளியேற்ற அவருக்கு இன்று கையில் இருக்கும் நல்ல காரணம் அது ஒன்றே. அதையும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். அதைப் பற்றிப் பேசுமுன், உங்கள் கடிதம் முழுவதும் ஊடாடும் ஒரு எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது.

எழுத்தில் இல்லாத ஒப்பந்தமும் ஒப்பந்தமே

ஒன்ராறியோவில் வீட்டு வாடகையை ஆள்வது 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம். எழுதியது, வாயால் பேசியது, நடத்தையால் உணர்த்தியது ஆகிய மூன்றையுமே அது வாடகை ஒப்பந்தமாக ஏற்கிறது. நீங்கள் மாதாமாதம் பணம் கொடுக்கிறீர்கள், அவர் வாங்குகிறார், நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள்; ஒப்பந்தம் உண்டு என்பதற்கு இது போதும். அதுமட்டுமன்றி, சட்டம் தரும் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும்கூட அந்த வரி செல்லாது. ஆகவே உங்கள் உரிமை அவர் எழுதித் தந்ததிலும் தங்கியிருக்கவில்லை, அவருடைய நல்ல மனதிலும் தங்கியிருக்கவில்லை.

இந்தச் சட்டம் பொருந்தாத இடங்களும் சில உண்டு. அவற்றுள் நம்மவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்வது ஒன்று: வீட்டின் உரிமையாளரோடோ, அதே கட்டடத்தில் வசிக்கும் அவரது துணைவர், பிள்ளை, பெற்றோர் ஆகியோருடனோ சமையலறையை அல்லது குளியலறையைப் பகிர வேண்டியிருந்தால் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. வீட்டில் ஓர் அறையை மட்டும் எடுத்து, மேலே போய்ச் சமைத்துக்கொள்ளும் மாணவர்கள் இதை நன்றாக மனத்தில் வைக்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் தனியாக இருப்பதால் கவலை இல்லை.

பேஸ்மென்டுக்கு நகரசபையின் அனுமதி இல்லை என்பதும் உங்கள் உரிமையைக் குறைக்காது. அனுமதி பெறாதது அவருடைய தவறு; அதைக் காட்டி அவர் உங்களை வெளியேற்ற முடியாது. எனினும் இதில் ஓர் ஆபத்தைச் சொல்லாமல் விட முடியாது. நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்து முறையிட்டு, நகர அலுவலர் வந்து பார்த்து, வெளியேறும் வழி, தீப்பாதுகாப்பு போன்றவற்றில் பாரதூரமான குறை கண்டால், அந்தத் தளத்தில் எவரும் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு வரக்கூடும். வெப்பத்துக்காக முறையிடப் போய் வீட்டையே இழந்த குடும்பங்கள் உண்டு. எனவே 311 உங்கள் முதல் அடியாக இருக்க வேண்டாம். புகை எச்சரிக்கைக் கருவியும் காபன் மொனொக்சைட் கருவியும் இயங்கவில்லையென்றால் மட்டும் நாள் கடத்தாதீர்கள். அது பிள்ளைகளின் உயிர் சம்பந்தப்பட்டது.

அகதிக் கோரிக்கையைப் பற்றிக் கேட்டீர்கள். இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எவருடைய குடிவரவு நிலையையும் பொறுத்ததன்று. வாடகைப் பிணக்குகளை விசாரிப்பது எல்.ரி.பி. என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் சபை. அது குற்றவியல் நீதிமன்றம் அல்ல; அங்கே விண்ணப்பிப்பதால் உங்கள் பெயரில் பொலிஸ் பதிவு எதுவும் உண்டாகாது. உங்கள் கோரிக்கையை விசாரிக்கும் அகதிச் சபைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. "குடிவரவுக்கு எழுதிப்போடுவேன்" என்று வீட்டுக்காரர் எப்போதாவது மிரட்டினால், அந்த வார்த்தைகளையும் திகதியையும் குறித்து வையுங்கள். அப்படி மிரட்டுவது அவருக்கு எதிராகவே நிற்கும் தொந்தரவு.

அந்த 900 டொலரை உடனே கட்டுங்கள்

வீட்டில் குறை இருந்தால் வாடகையைக் குறைத்துக் கொடுக்கலாம் என்பது உங்கள் கணவருக்கு மட்டும் உள்ள எண்ணமன்று. நியாயமாகப் படுவதால்தான் பலரும் இதில் விழுகிறார்கள். வாடகையைக் குறைக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு; குடியிருப்பவருக்கு இல்லை. குளிரில் கழிந்த மாதங்களுக்காக நீங்கள் விண்ணப்பித்து, சபை உங்கள் பக்கம் தீர்த்தால், ஒரு பகுதி வாடகையைத் திருப்பித் தரும்படி அது உத்தரவிடும். அந்த உத்தரவு வருமுன் நீங்களே கழித்துக்கொண்டால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் வாடகை பாக்கி வைத்தவர். என் 4 என்ற படிவத்தில் அவர் அறிவித்தல் கொடுத்து, பின்னர் உங்களை வெளியேற்றக் கோரும் எல் 1 என்ற விண்ணப்பத்தைச் சபையில் போட்டால், விசாரணை வெப்பத்தைப் பற்றியதாக இல்லாமல் உங்கள் பாக்கியைப் பற்றியதாக மாறிவிடும்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தப் பிழை திருத்தக்கூடியது. அறிவித்தலில் குறித்த நாளுக்குள் பாக்கி முழுவதையும் கட்டிவிட்டால் என் 4 தானாகவே செல்லாது போகும். உங்களுக்கு அந்தப் படிவம் இன்னும் வரவில்லை. வருமுன்பே 900 டொலரை ஈ-ட்ரான்ஸ்பர் மூலம் அனுப்பி, குறிப்பில் "பெப்ரவரி வாடகை மீதி" என்று எழுதுங்கள். கடைசி மாத வாடகையாக அவரிடம் இருக்கும் 1,900 டொலரில் இதைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாமே என்று தோன்றும், சொல்லாதீர்கள். அந்தப் பணம் நீங்கள் குடியிருக்கும் கடைசி மாதத்துக்கு மட்டுமே உரியது.

இனி ஒரு மாதமும் வாடகையைக் காசாகக் கொடுக்க வேண்டாம். அவர் காசுதான் வேண்டும் என்று நின்றால், பற்றுச்சீட்டு கேளுங்கள். கேட்டால் கட்டணமில்லாமல் தரவேண்டியது அவருடைய கடமை. இதுவரை கொடுத்த காசுக்கு, வங்கியிலிருந்து எடுத்த திகதிகளும் தொகைகளும் உள்ள கணக்கறிக்கை, "மாமா, வாடகை மேசையில வைச்சிருக்கிறன்" என்பது போன்ற வட்ஸ்அப் செய்திகள் ஆகியவை ஓரளவு சான்றாகும். தேடி எடுத்து வையுங்கள்.

மகளுக்காக வீடு வேண்டும் என்பது

இதை நான் உடனே பொய்யென்று தள்ளமாட்டேன். நீங்களும் தள்ள வேண்டாம். உரிமையாளர் தாம் குடியிருக்கவோ, தமது துணைவர், பிள்ளை, பெற்றோர் அல்லது துணைவரின் பிள்ளை, பெற்றோர் குடியிருக்கவோ வீட்டைக் கேட்கலாம். மகள் இந்தப் பட்டியலில் வருகிறார். சகோதரரோ மருமகப்பிள்ளையின் தம்பியோ வரமாட்டார்கள். ஆனால் கேட்பதற்கு முறை உண்டு. என் 12 என்ற படிவத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும். வரப்போகிறவர் குறைந்தது ஓராண்டு அங்கே வசிக்கும் உண்மையான எண்ணம் இருக்க வேண்டும். பல ஆண்டுகளாக இருந்துவரும் விதிப்படி குறைந்தது 60 நாள் அவகாசம் வேண்டும். அந்த அவகாசமும் வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். ஒரு மாத வாடகைக்குச் சமமான இழப்பீடும் தர வேண்டும். உதாரணமாக, பெப்ரவரி 20ஆம் திகதி படிவம் உங்கள் கைக்கு வந்தால், 60 நாள் ஏப்ரல் 21உடன் முடிந்தாலும், அதில் குறிக்கக்கூடிய மிகக் கிட்டிய நாள் ஏப்ரல் 30. அறிவித்தல் காலத்தையும் இழப்பீட்டையும் பற்றிய விதிகளில் மாகாண அரசு அண்மையில் திருத்தங்களைக் கொண்டுவந்திருப்பதால், படிவம் வந்த அன்றே அதை ஒரு சட்ட உதவி நிலையத்தில் காட்டி, அந்த நாளில் நடைமுறையில் உள்ள விதி எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படிவம் வந்ததும் சாமான்களைக் கட்டத் தொடங்குவது பலருடைய வழக்கம். படிவம் என்பது வெளியேற்றும் உத்தரவன்று. அவர் சபைக்குப் போய் நிரூபித்து உத்தரவு பெற வேண்டும். அந்த உத்தரவையும் நிறைவேற்றக்கூடியவர் ஷெரிஃப் எனப்படும் நீதிமன்ற அலுவலர் மட்டுமே. வீட்டுக்காரர் பூட்டை மாற்றினால், சாமானை வெளியே வைத்தால், மின்சாரத்தை நிறுத்தினால், அது குற்றம். அப்படி நடந்தால் பொலிசையும் மாகாண அரசின் வாடகை வீட்டு அமலாக்கப் பிரிவையும் அழையுங்கள்.

இப்போது அந்தக் குரல்செய்திக்கு வருகிறேன். அதில் வீட்டுக்காரர் தம்மை அறியாமலே ஒரு பெரிய சான்றை உங்களிடம் தந்திருக்கிறார். 2,200 டொலர் தந்தால் இருக்கலாம், தராவிட்டால் மகள் வருகிறார் என்றால், மகளுக்கு அந்த வீடு உண்மையாகவே தேவைதானா என்று எந்த விசாரணையிலும் கேள்வி எழும். நீங்கள் வெப்பத்தைப் பற்றியோ பணத்தைப் பற்றியோ உரிமை கேட்டதற்காகவே அவர் வெளியேற்றப் பார்க்கிறார் என்று சபை கண்டால், வெளியேற்றத்தை அது மறுத்தே ஆக வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். தொலைபேசி தொலைந்தாலும் அழியாதபடி மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். நீங்கள் போனபின் மகள் வராமல் வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுக்கப்பட்டால், ஓராண்டுக்குள் ரி 5 என்ற விண்ணப்பத்தின் மூலம் இழப்பீடு கேட்கலாம். அதில் சபை பன்னிரண்டு மாத வாடகை வரைகூட விதிக்க முடியும்.

செப்டெம்பரில் "ஒரு வருசத்துக்காவது இருங்கோ" என்று அவர் சொன்னதாக நீங்கள் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு செய்தியாவது சான்றாக இருந்தால், ஓராண்டு ஒப்பந்தம் என்று வாதிடலாம். அப்போது ஓகஸ்ட் முடியும்வரை மகளுக்காகக்கூட உங்களை எழுப்ப முடியாது. வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால் அதை நம்பித் திட்டமிடாதீர்கள்.

மற்றொன்று. "சும்மா ஒரு கையெழுத்து" என்று என் 11 என்ற படிவத்தை எவராவது நீட்டினால், அந்த இடத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அது நீங்களாகவே விரும்பிப் போவதாக ஒப்புக்கொள்ளும் உடன்பாடு. அதில் கையெழுத்திட்ட பிறகு நான் மேலே எழுதியவற்றுள் பெரும்பாலானவை உங்களுக்குப் பயன்படாது.

வாடகை உயர்வு: நண்பர் சொன்னது பாதி உண்மை

வாடகையை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கூட்டலாம். அதற்கும் 90 நாள் முன்பாக உரிய படிவத்தில் அறிவித்தல் வேண்டும். நீங்கள் செப்டெம்பரில் வந்தவர்கள் என்பதால், வருகிற செப்டெம்பருக்கு முன் ஒரு டொலரும் கூட்ட முடியாது. மார்ச் மாத 2,200 டொலர் செல்லாத கோரிக்கை. பயத்தில் அதைக் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். முறையில்லாத உயர்வை ஓராண்டு தொடர்ந்து கட்டி, கேள்வியும் எழுப்பாமல் இருந்துவிட்டால், அதுவே பின்னர் உங்கள் சட்டப்படியான வாடகையாகிவிடும்.

ஆனால் உங்கள் நண்பர் சொன்ன உச்சவரம்பு எல்லா வீடுகளுக்கும் உரியதல்ல. மாகாண அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் வரம்பு 2025இல் 2.5 சதவீதம், 2026இல் 2.1 சதவீதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியிருப்பாகப் பயன்பட்ட வீடுகளுக்கு இந்த வரம்பு இல்லை. சில நிபந்தனைகளோடு புதிய பேஸ்மென்ட் வீடுகளும் அந்த விலக்கில் அடங்கும். "நாங்கள் வரமுந்தின வருசம்தான் கட்டி முடிச்சவை" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் வீடு விலக்குப் பெற்றதாகவே இருக்கக்கூடும். அப்படியென்றால் 90 நாள் அறிவித்தல் கொடுத்து, செப்டெம்பர் முதல் 2,200 டொலர் கேட்பது சட்டப்படி அவரால் முடியும். இதைச் சொல்வது எனக்கும் உவப்பானதாக இல்லை. ஆயினும் வரம்பு இருக்கிறதென்ற நம்பிக்கையில் நீங்கள் செப்டெம்பர்வரை காத்திருந்து ஏமாறுவதைவிட, இப்போதே தெரிந்துகொண்டு பேச்சு நடத்துவது நல்லது.

அந்த 1,000 டொலரும் 200 டொலரும்

சேதத்துக்கென முன்கூட்டியே பணம் வாங்குவதற்கு ஒன்ராறியோவில் இடமே இல்லை. வீட்டுக்காரர் வாங்கக்கூடிய வைப்புப் பணம் கடைசி மாத வாடகை ஒன்றுதான். அதற்கும் ஆண்டுதோறும் வட்டி தர வேண்டும். திறப்புக்காகச் சிறு தொகை வாங்கலாம். திறப்பைக் கொடுத்ததும் அது திரும்பி வர வேண்டும். 1,000 டொலரை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் ரி 1 என்ற விண்ணப்பம் உண்டு. பணம் கொடுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அதைப் போட வேண்டும் என்பதால், வருகிற ஓகஸ்ட் முடியுமுன் முடிவெடுங்கள். வரும் விருந்தாளிக்குக் கட்டணம் கேட்கவும் அவருக்கு உரிமை இல்லை. மாமியார் தங்குவதால் சத்தமோ நெருக்கமோ அளவுக்கு மிஞ்சினால் அது வேறு விஷயம். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் தெரியவில்லை.

குளிரும் கதவும்

செப்டெம்பர் 1 முதல் யூன் 15 வரை வீட்டின் உள்ளே குறைந்தது 20 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது மாகாண விதி. ரொறன்ரோ நகரத்தின் விதி குளிர்மாதங்களில் 21 பாகை கேட்கிறது. "கடுங் குளிர்" என்று சொல்வதால் எவரும் அசையமாட்டார்கள். மலிவான வெப்பமானி ஒன்று வாங்கி, பிள்ளைகள் இருக்கும் அறையில் வைத்து, காலை, மதியம், இரவு என்று அளவையும் திகதியையும் படம் எடுத்து வையுங்கள். ஒரு வாரத்துப் படங்கள் உங்கள் ஐந்து மாதக் குமுறலைவிடக் கூடிய பலன் தரும். அவருக்குச் செலவுக் கவலை இருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியின் அளவை இன்ன நேரத்தில் இன்ன எண்ணுக்குக் கீழே இறக்குவதில்லை என்று ஒரு உடன்பாட்டுக்கு வருவதே இருதரப்புக்கும் சுலபமான வழி.

உட்கதவுக்கு நீங்களாகப் பூட்டுப் போடாதீர்கள். அவருடைய சம்மதமின்றிப் பூட்டை மாற்றுவதும் போடுவதும் குடியிருப்பவர் பக்கத்துத் தவறு. கோபத்தில் அதைச் செய்துவிட்டு நியாயத்தை இழந்தவர்கள் உண்டு. அவர் உள்ளே வரவேண்டுமானால், வரும் காரணத்தையும் நேரத்தையும் எழுதி 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும். நேரம் காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் இருக்க வேண்டும். தீ, நீர்க்கசிவு போன்ற அவசரங்களும், நீங்கள் அந்த நேரத்தில் சம்மதிப்பதும் விதிவிலக்கு. உறவென்றபடியால் இதுவரை நீங்கள் "வாங்கோ" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அது சம்மதமாகவே கொள்ளப்படும். இனி வேண்டாமென்றால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும்.

மாமாவுக்கு எழுதுவது எப்படி

ஊர் பேசும் என்ற உங்கள் தயக்கத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. புதிதாக வந்த குடும்பத்துக்கு வேலை சொல்லித் தருவதும், பிள்ளைகளின் பள்ளிக்கு வழிகாட்டுவதும் அந்த உறவுகள்தான். ஆனால் எழுத்தில் கேட்பது சண்டை பிடிப்பதாகாது. சொல்லப்போனால் பேச்சில் எழும் கோபம் எழுத்தில் எழுவதில்லை. 900 டொலரை அனுப்பிய அன்றே, கணவர் பெயரில் இப்படியொரு செய்தி போகட்டும்:

"மாமா, பெப்ரவரி வாடகையின் மீதி 900 டொலரை இன்று அனுப்பியிருக்கிறேன். குறைத்துக் கொடுத்தது என் தவறு. நாங்கள் வந்தபோது நீங்கள் செய்த உதவியை மறக்கவில்லை. பகலில் வீடு 20 பாகைக்குக் கீழே இறங்குவதைப் படமெடுத்து இத்துடன் அனுப்புகிறேன். பிள்ளைகளுக்காகத் தயவுசெய்து சரிசெய்து தாருங்கள். உள்ளே வரவேண்டியிருந்தால் முதல்நாள் ஒரு செய்தி போடுங்கள். சேதத்துக்கென்று தந்த 1,000 டொலரை இங்குள்ள சட்டப்படி வாங்க முடியாது என்று அறிந்தேன். அதைத் திருப்பித் தருவது பற்றிப் பேசுவோம். மகளுக்கு வீடு தேவையென்றால் உரிய படிவத்தில் அறிவியுங்கள். சட்டப்படியான அவகாசத்துக்குள் வேறு வீடு பார்க்க நாங்களும் முயல்கிறோம். வாடகை ஒப்பந்தத்தை மாகாண அரசின் படிவத்தில் எழுதித் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரிக்கு ஒரு காரணம் உண்டு. 2018 ஏப்ரல் 30 முதல் செய்த பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களுக்கு மாகாண அரசின் பொதுப் படிவம் இருக்கிறது. நீங்கள் எழுத்தில் கேட்டு 21 நாளில் தராவிட்டால், ஒரு மாத வாடகையை மட்டும் நிறுத்திவைக்கச் சட்டம் இடம் தருகிறது. வாடகையை நிறுத்தலாம் என்று சட்டமே சொல்லும் அரிய சந்தர்ப்பம் இது. ஆயினும் ஏற்கெனவே பாக்கிப் பிரச்சினை எழுந்துள்ள உங்கள் நிலையில், ஒரு சட்ட உதவி நிலையத்தைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

நீங்களாகவே போக முடிவெடுத்தால் உங்களுக்கும் கடமை உண்டு. என் 9 படிவத்தில் 60 நாள் அறிவித்தல், மாதத்தின் கடைசி நாளில் முடியும்படி. ஒரே இரவில் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், உங்கள்மேல் வாடகைக் கடன் ஏறும். அடுத்த வீட்டுக்காரர் விசாரிக்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். அவர் முறையாக என் 12 கொடுத்திருந்தால் மட்டும், வேறு வீடு முந்திக் கிடைத்ததும் 10 நாள் அறிவித்தலோடு போகலாம். அடுத்த வீடு தேடும்போது ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பவர்களைச் சந்திப்பீர்கள். அப்படிக் கேட்பது சட்டவிரோதம். வருமான விவரம், கடன் வரலாறு, பரிந்துரை ஆகியவற்றைக் கேட்கலாம். ஆனால் புதிதாக வந்தவருக்குக் கனடாவில் கடன் வரலாறு இல்லை என்பதையே காரணமாக்கி ஒதுக்கக் கூடாது என்பது ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழுவின் நிலைப்பாடு.

ஒன்ராறியோவில் லீகல் எய்ட் நிதியில் இயங்கும் சமூகச் சட்ட உதவி நிலையங்கள் குறைந்த வருமானமுள்ள குடியிருப்பாளர்களுக்கு இலவசமாக உதவுகின்றன. சமூக சேவைத் தகவல் தரும் 211 இலக்கத்துக்கு அழைத்து உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சொன்னால் உங்கள் பகுதிக்குரிய நிலையத்தைச் சொல்வார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் அழைப்பிலேயே கேளுங்கள். விசாரணை என்று போனாலும், சபை முன் மத்தியஸ்தம் மூலம் சமரசமாக முடிக்கும் வழி உண்டு. உறவுக்காரர்களுக்கு இடையிலான பிணக்குகளில் நான் அதையே முதலில் பரிந்துரைப்பேன். போகும்போது வங்கிக் கணக்கறிக்கை, குரல்செய்தி, வெப்பமானிப் படங்கள், 900 டொலர் அனுப்பியதற்கான உறுதிப்படுத்தல் ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுங்கள். நான் இங்கே எழுதியது உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னது. அந்த ஆவணங்களைப் பார்க்கும் சட்டத்தரணி இதில் சிலவற்றை வேறுவிதமாகச் சொன்னால், அவர் சொல்வதையே கேளுங்கள்.